இரண்டு விரல் இடைவெளி

வரதராஜுலு கொத்தனார் கரண்டியைக் கையில் எடுத்தபோது அவருக்கு முப்பத்துநான்கு வயது. அந்த வயதில் இந்த வேலைக்கு வருகிறவரை யார் மதிப்பார்கள்? பதினைந்து வயதில் கலவை சுமந்து, இருபதில் கரண்டி பிடித்தவர்கள் மத்தியில், மீசை நரைக்கத் தொடங்கிய ஒரு ஆள் மட்டப்பலகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். வல்லம் வடகாலை ஒட்டி அவருக்கு இருந்த ஒன்றரை ஏக்கரும் தொழிற்பேட்டைக்குள் போய்விட்டிருந்தது. நிலம் போனவர் வேறு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே. இருங்காட்டுக்கோட்டையில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் அவர் இந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டார்.

தாமதமாக வந்தவருக்கே உரிய வீம்பு அவருக்கு இருந்தது. மற்றவர்கள் ஒரு தரம் தேய்க்கிற இடத்தில் இவர் மூன்று தரம் தேய்ப்பார். சுவரும் தரையும் சேருகிற மூலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கடைசிவரை போவார். விரலில் மேடோ பள்ளமோ தட்டினால் அன்று மதியச் சாப்பாடு தள்ளிப்போகும். வரதராஜுலு பூசின மூலையில் எறும்பு நுழையாது என்று கூட இருந்த கொத்தனார்கள் சொல்லத் தொடங்கினார்கள். கேலியாக ஆரம்பித்த பேச்சு மரியாதையாக மாற ஆறேழு வருஷம் ஆயிற்று. அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டம் அதுதான். வீட்டில் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவர் மனைவி கன்னியம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

இந்தப் பெருமை, அவர் மிகவும் மதித்த ஒரு பெண்ணின் நான்கு வருஷ உழைப்பைக் கெடுத்தது.

அவள் பெயர் பூர்ணிமா. காஞ்சிபுரத்துப் பெண், பொறியாளர், முப்பது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். வல்லம் வடகாலில் கட்டடப் பாகங்களை வார்த்துக் கொடுக்கிற ஒரு கம்பெனி இருக்கிறது. அங்கே வார்த்த பாகங்களைத் தள்ளியும் அமுக்கியும் சோதித்துப் பார்க்கும் கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. வடகிழக்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கட்டப்போகும் ஆஸ்பத்திரிக்காக நான்கு வருஷமாக அவள் ஒரு சுவரை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நிலநடுக்கம் அடிக்கடி வரும். வழக்கமான கட்டடம் விழாமல் நின்றாலும் விரிசல் விட்டு, கோணிக்கொண்டு, உள்ளே யாரும் இருக்க முடியாமல் போய்விடும். நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கித் தெருவில் போட வேண்டியதுதான். பூர்ணிமாவின் சுவர், பூமி ஆடும்போது தானும் ஆடும். ஒரு பக்கத்துக் காலைக் கொஞ்சம் தூக்கும், பிறகு மறுபக்கத்துக் காலை. ஆட்டம் நின்றதும் பழைய இடத்திலேயே வந்து நேராக நின்றுவிடும். அன்றைக்கே உள்ளே ஆபரேஷன் நடக்கலாம்.

சுவராவது, காலைத் தூக்குவதாவது என்று ஆட்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். அது அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒருநாள் டீ நேரத்தில் எல்லோரையும் இரும்பு வெட்டுகிற கேஸ் கட்டிங் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். அங்கே ஆளுயர ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நின்றது. அதைக் கொஞ்சம் சாய்த்து விடச் சொன்னாள். சிலிண்டர் அடி விளிம்பில் எழும்பி, ‘டங்’ என்று திரும்ப உட்கார்ந்து நேராக நின்றது. அதையே அடியில் தரையோடு சேர்த்து வெல்டிங் வைத்து லாரியால் இடித்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஒட்டின இடத்தில் பிய்யும், இல்லை இடுப்பில் மடங்கும் என்றார் வரதராஜுலு. அவள் முகம் மலர்ந்தது. தன் சுவரும் கீழே ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, நடுவில் ஓடுகிற முறுக்குக் கம்பிகள் அதைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கின்றன, எவ்வளவு சாய்ந்தாலும் அவை திரும்ப இழுத்து உட்கார வைத்துவிடும் என்று விளக்கினாள். மற்றவர்கள் டீயை முடிப்பதில் குறியாக இருந்தார்கள். வரதராஜுலு மட்டும் வாய் பிளந்து கேட்டார். அன்றிலிருந்து அவள் எதைச் சொல்வதானாலும் அவரைப் பார்த்துத்தான் சொன்னாள், அண்ணா என்றுதான் கூப்பிட்டாள்.

அதனால் சோதனைக்காகக் கூடத்தில் நிறுத்திய சுவரின் அடியை அவர் கண்ணாகப் பார்த்துக்கொண்டார். சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே ஒரு சொட்டு சிமெண்ட் போகக் கூடாது என்று மற்றவர்களை விரட்டுவார். கெட்டிக்காரர்தான். ஆனால் அடியை மட்டும் பார்த்தார். பக்கத்தைப் பார்க்கவில்லை.

நிஜக் கட்டடத்தில் இருப்பதுபோலவே, அந்தப் பதினெட்டடிச் சுவரைச் சுற்றி ஒரு தரையும் வார்த்திருந்தார்கள். சுவருக்கும் தரைக்கும் இடையே சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதற்குள் தெர்மோகோல் பட்டை செருகியிருந்தது. சுவர் காலைத் தூக்கிச் சாயும்போது தரையில் இடிக்காமல் இருப்பதற்கான இடம் அது. கட்டட வேலையில் இருப்பவர்களுக்கு வார்ப்புக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் தெர்மோகோல் என்றால் அர்த்தம் ஒன்றுதான். பலகை பிரித்தவன் மறந்துவிட்டுப் போன குப்பை. தெர்மோகோலை எடுக்கக் கூடாது என்று பூர்ணிமா சொல்லியிருந்தாள். சொன்னது காண்டிராக்டர் பலராமனிடம். பலராமன், கன்னியம்மாவின் தங்கை புருஷன், வரதராஜுலுவுக்குச் சகலை. ஊரிலிருந்து வரதராஜுலு உட்படப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவன். அவனுக்கு அன்று வேறு நூறு வேலை. சொல்ல மறந்துவிட்டான்.

கருவிகளைச் சரிபார்த்து வாங்கி வரப் பூர்ணிமா சென்னைக்குப் போய் இரண்டு வாரம் தங்கியிருந்தபோது, தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் சுற்றிப் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஷூ முனையால் அந்த இடைவெளியைக் கிளறி, துருத்திக்கொண்டிருந்த தெர்மோகோலைத் தட்டிவிட்டு, இங்கே ஃபினிஷிங் இவ்வளவுதானா என்று கேட்டுச் சிரித்தார். சிரித்தவர் பத்து நிமிஷத்தில் மறந்திருப்பார். வரதராஜுலுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவர் கை பட்ட சுவரின் காலடியில் இப்படி ஒரு வாய் பிளந்து கிடப்பதா?

மறுநாள் அவர் தெர்மோகோலைத் துண்டு துண்டாகப் பிடுங்கி எடுத்தார். எந்திரங்களின் காலைத் தரையோடு இறுக்க வாங்கியதில் மிஞ்சிப்போன, சுருங்காத உசத்திக் கலவை மூட்டை ஒன்று இருந்தது. இருப்பதிலேயே நல்லது அதுதான் என்று அதையே பிசைந்து, கம்பியால் குத்திக் குத்தி அடைத்தார். மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எறும்பு நுழையாது. ஈரச்சாக்குப் போர்த்தி ஆறு நாள் தண்ணீர் காட்டினார். சாதாரண மணல் சிமெண்டாக இருந்திருந்தால் முதல் தள்ளலிலேயே நொறுங்கி உதிர்ந்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. அவருடைய நல்ல மனசு நல்ல சரக்காகப் பார்த்துப் போட்டது.

பிறகு வெள்ளையடித்தார். விரிசல் விழுந்தால் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சோதனைச் சுவர்களுக்கு வெள்ளையடித்துக் கட்டம் போடுவார்கள். பூர்ணிமா திரும்பி வந்தபோது சுவர் வெள்ளைவெளேர் என்று நின்றது. அடியில் ஓடிய கோட்டின் மேலும் சுண்ணாம்பு பூசியிருந்தது. உள்ளே தெர்மோகோல்தானே இருக்கிறது என்று அவள் அழுத்திப் பார்க்கவில்லை. ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்குச் சோதனை. சுவரின் உச்சியைப் பிஸ்டன் ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளி இழுத்தது. முதல் இரண்டு சுற்று லேசான தள்ளல்தான். மூன்றாவது சுற்றில் சுவர் கால் எழும்ப வேண்டும். எழும்பவில்லை. சுவர் முனகியது. பிஸ்டன் இன்னும் தள்ளியது. பாறைக்கு வெடி வைத்ததுபோல் ஒரு சத்தம். வலது கால் மூலை பொடிந்து சிதறி, வெள்ளைச் சுவரில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு தோள் உயரம்வரை ஓடியது. பிஸ்டன் பின்வாங்கியும் சுவர் திரும்பி வரவில்லை. இரண்டு அங்குலம் சாய்ந்தபடி அப்படியே நின்றுவிட்டது. பூர்ணிமா கையிலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து நின்றாள். பிறகு எல்லோரும் கணக்கைப் பார்க்க மாடி அறைக்கு ஓடினார்கள்.

சிதறியதைக் கூட்ட வரதராஜுலுவை அனுப்பினான் பலராமன். அவர் ஒரு பெரிய துண்டைக் கையில் எடுத்தார். அதில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தரை, நடுவில் அவருடைய கலவை. மூன்றும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகப் பிடித்திருந்தன. கேஸ் கட்டிங் கொட்டகையில் அவரே சொன்ன பதில் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒட்டின இடத்தில் பிய்யும். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பலராமன் வந்து பார்த்தான். நடந்ததை இரண்டு வார்த்தையில் சொன்னார். அவன் முகம் வெளுத்தது. மேடம் சொன்னதும், தான் மறந்ததும் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“சகலை, தப்பு உன்னுது மட்டும் இல்ல, என்னுதும்தான். ஆனா வெளிய தெரிஞ்சா பன்னெண்டு பேரும் நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிப்போம். அல்லாம் நம்ம ஊரு ஜனம். அவங்க வர்றதுக்குள்ள மிச்சத்தக் கொத்தி எடுத்துரு.”

பலராமனைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பன்னிரண்டு வீட்டு அடுப்பு அவனை நம்பி எரிகிறது, அது பொய்யில்லையே. வரதராஜுலு உளி எடுத்தார். எல்லோரும் மாடியில் இருந்த அந்த முக்கால் மணி நேரத்தில், ஆசை ஆசையாக அடைத்ததைத் தன் கையாலேயே கொத்திக் கொத்தி எடுத்தார். உளிக்கு மசியாமல் பக்கங்களில் பல்லாக ஒட்டிக்கொண்டு நின்றதை விட்டுவிட்டு, தெர்மோகோல் துண்டுகளைச் செருகி, மேலே சுண்ணாம்புத் தூசியைத் தூவினார். அவ்வளவு மோசமான ஃபினிஷிங்கை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்கு நிஜமான தண்டனை ஆரம்பித்தது. பூர்ணிமா தினமும் காலையில் வந்து அந்தச் சாய்ந்த சுவருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மடியில் காகிதக் கட்டு. சுவர் அவள் கணக்கைவிட ஏன் இவ்வளவு விறைப்பாக நின்றது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கம்பியைச் சந்தேகப்பட்டாள், கான்கிரீட்டைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டாள். ஆஸ்பத்திரியை எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்கிற கமிட்டி அடுத்த வெள்ளிக்கிழமை கூடுகிறது, அதற்குள் காரணம் சொல்ல வேண்டும், சொன்னால் இன்னொரு சுவர் வார்க்க விடுவார்கள் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். இதெல்லாம் வரதராஜுலுவின் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை மதியம் அவள் அவரைக் கூப்பிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“அண்ணா, டெஸ்ட்டுக்கு முன்னாடி கடைசியா சுவத்துகிட்ட வேலை பாத்தது நீங்கதான். ஏதாவது வித்தியாசமா பட்டுச்சா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க.”

தூரத்தில் பலராமன் நின்றிருந்தான். அவன் கையைக் காட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை, சும்மாதான் நின்றான்.

“இல்ல மேடம்,” என்றார் வரதராஜுலு.

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் காகிதத்தைப் பார்த்தாள். அவர் சொன்னதை அவள் துளிகூடச் சந்தேகிக்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

செவ்வாய், புதன், வியாழன் என்று நாட்கள் போயின. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை மாடிப்படிவரை போனார். முதல் முறை அங்கே வேறு யாரோ இருந்தார்கள். இரண்டாவது முறை யாருமே இல்லை, அப்படியும் திரும்பி வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. காரணம் தெரியவில்லை, என் வடிவமைப்பில்தான் குறை இருக்க வேண்டும் என்று பூர்ணிமா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியை வழக்கமான முறையிலேயே கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. சாயங்காலத்துக்குள் சுவரை உடைத்து, லாரியில் ஏற்றி, பென்னலூர் பக்கம் ஏதோ பள்ளத்தை நிரப்பக் கொண்டு போய்விட்டார்கள். உடைத்தவர்களில் வரதராஜுலுவும் ஒருவர்.

அன்று வீட்டுக்குப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சோற்றில் கைவைக்கவில்லை. பத்து நாளாகவே கன்னியம்மாவுக்குப் பாதி தெரியும், மீதியை அன்று கேட்டு வாங்கினாள். சொல்லி முடித்ததும் அவள் சோற்றுத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பலராமன் அவளுடைய சொந்தத் தங்கையின் புருஷன்.

“எந்தங்கச்சி மூஞ்சில நான் முழிக்கணுமேன்னு வாய மூடிகினு இருந்தேன். உம்மூஞ்சியப் பாக்க முடியலய்யா. போய்ச் சொல்லிட்டு வா,” என்றாள்.

சனிக்கிழமை காலை அவர் போனபோது பூர்ணிமா தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டாள். வரதராஜுலு கதவருகே நின்று, தலையைக் குனிந்தபடி ஷூ முனை, தெர்மோகோல், கலவை, ஈரச்சாக்கு, உளி என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் திட்டவில்லை, அழவில்லை. எழுந்து அவரை நேராக மேலாளரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

மேலாளர் பலராமனை வரவழைத்துக் கேட்டார். அவன் சகலையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“மேடம் மேல இவருக்கு ரொம்பப் பாசம் சார். அவங்க வேலைய வுட்டுப் போறது மனசு தாங்காம, பழியத் தம்மேல இழுத்துப் போட்டுக்கறாரு.”

மேலாளர் வரதராஜுலுவைப் பரிதாபமாகப் பார்த்தார். நல்ல மனுஷர் நீங்கள், போய் வேலையைப் பாருங்கள் என்றார். அறிக்கை நேற்றே போய்விட்டது, சுவரும் இல்லை, எதை வைத்து மறுபடி ஆரம்பிப்பது என்று பூர்ணிமாவைக் கேட்டார். ஐம்பது வயதில் முதன்முறையாக ஒரு தப்பை ஒத்துக்கொண்டவரை, அது நல்ல மனசில் சொன்ன பொய் என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வெளியே சுவர் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து பூர்ணிமா மடிக்கணினியைத் திறந்தாள். அந்த இரண்டு விரல் இடைவெளியை அடைத்துவிட்டால் சுவர் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு சிவப்புக் கோடு ஏறியது. சோதனையன்று கருவிகள் எழுதிய நீலக் கோடு ஏற்கெனவே அங்கே இருந்தது. சிவப்பு அதன் மேலேயே ஏறி, அது வளைந்த இடத்தில் வளைந்து, அது முறிந்த இடத்தில் முறிந்தது. இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டதால் நீலம் கண்ணுக்கே தெரியவில்லை.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளில் அவள் அழுது அவர் பார்த்தது அப்போதுதான். என் கணக்கு தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு முறை சொன்னாள்.

வரதராஜுலுவுக்குத் திடீரென்று ஒரு நம்பிக்கை வந்தது. பாவி மனசு, அதற்கு எப்போதும் தாமதமாகத்தான் எல்லாம் வரும்.

“இத இட்டுகினு போய்க் காட்டலாமே மேடம். இன்னும் இன்னா வேணும் அவங்களுக்கு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியை மூடினாள். பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். குரலில் கோபமே இல்லை.

“கோடு யார் வேணா போடலாம்ணா. உள்ள அடைச்சிருந்துச்சுன்னு காட்ட சுவர் வேணும்,” என்றாள். எழுந்து நின்று, காலியாகக் கிடந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள். “திங்கக்கிழமை நான் உங்களக் கேட்டப்ப, சுவர் இங்கதான் நின்னுச்சு.”